பசையில்லாமல் செருகிய தீக்குச்சி

மார்ச் 4, செவ்வாய்

மாலை வகுப்பில் இன்று கதவுக் கீல். பலமுறை கழற்றி மாட்டிப் பெருத்துப்போன துளையில் திருகாணியை மறுபடி பிடிக்க வைப்பதுதான் பாடம். துளையைச் சுத்தமாகக் குடைய வேண்டும், கனம் பார்த்து மரமுளை சீவ வேண்டும், பசை தடவி அடித்து ஒரு நாள் காயவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் புதுத் துளை. போன வாரமே தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தது. லாரிக்காரர் (லாரி ஓட்டுவதை விட்டுவிட்டுத் தச்சு படிக்க வந்தவர், என்னைவிட மூத்தவர்) துளைக்குள் தீக்குச்சியைத் திணித்து அதன்மேல் திருகாணியை ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

விரலால் இழுத்தேன். கீல் குச்சியோடு கையில் வந்தது.

"ஒரு நாளைக்குத் தாங்கும்ல சார்?"

"ஒரு நாள் தாங்குறதுக்குப் பேரு வேலை இல்லைங்க. ஏமாத்து."

வகுப்பு சிரித்தது. அவருக்குப் பாதி மதிப்பெண்ணை வெட்டினேன். நல்லா சொன்னோம் என்று எனக்கே ஒரு மிதப்பு. பேருந்தில் வரும்போது அந்த வாக்கியத்தை இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி மறுபடியும் கிட்டாரை எடுத்து வந்து காட்டினாள். தோளில் மாட்டும் வாரின் நுனி, கிட்டாரின் மேல்கொம்பில் இருக்கிற ஒரு சின்ன உலோகக் குமிழில்தான் மாட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழைப் பிடித்திருக்கும் திருகாணி சும்மா சுற்றுகிறது, பிடிமானமே இல்லை. குனிந்தால் குமிழ் வெளியே எட்டிப் பார்க்கிறது. சனிக்கிழமை ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில் வாசிக்க வேண்டுமாம். போன மாதமும் சொன்னாள். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

குமிழைப் பற்றிக் கேட்டாள். பசை தீர்ந்துவிட்டது, பட்டறையிலிருந்து எடுத்து வருகிறேன் என்றேன். பசை தீரவில்லை. அலமாரியில் பாதி டப்பா இருக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 7, வெள்ளி

ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நாள் முழுக்க நின்றபடி மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள். முப்பத்தெட்டு வயதில் கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது, போயேன் என்று சிரித்துக்கொண்டே அனுப்பியவன் நான்தான். இரண்டு மாதம் போவாள், அப்புறம் விட்டுவிடுவாள் என்ற நம்பிக்கை. விடவில்லை. அவள் தம்பி டிரம்ஸ் அடிக்கிற குழுவில் ஆள் குறைந்தபோது சேர்த்துக்கொண்டார்கள். இப்போது சனிக்கிழமை ஆனால் வீட்டில் நானும் தொலைக்காட்சியும்தான். அதுகூடப் பெரிதில்லை. போன மாதம் வங்கி வரிசையில் ஒருவர் என்னைப் பிடித்து நிறுத்தி, "நீங்க அந்தக் கிட்டார் வாசிக்கிற அம்மாவோட வீட்டுக்காரர்தானே?" என்றார். இந்த ஊரில் இருபது வருஷமாகத் தச்சு வாத்தியாராக இருக்கிறேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், அன்றைக்கு முழுக்க வாயில் கசப்பு.

குமிழ் அப்படியே கிடப்பதற்கு இதுதான் காரணம். இதைவிட அசிங்கமான காரணம் இருக்குமா.

மார்ச் 8, சனி

மதியம் மருந்தகத்திலிருந்தே போன் செய்தாள். கிட்டார் தயாரா என்று. இன்னும் தொடக்கூட இல்லை. முடியவில்லை என்றால் பரவாயில்லை, கீபோர்டுக்காரரிடம் இன்னொரு கிட்டார் இருக்கிறது, அதை எடுத்துவரச் சொல்கிறேன் என்றாள். கீபோர்டுக்காரர்தான் அந்தக் குழுவுக்குத் தலைவர்.

"வேணாம், வேணாம். நான் இருக்கும்போது நீ எதுக்கு ஓசி கிட்டார் தூக்கணும்?"

இப்படித்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். முளை சீவி அடித்தாலும் பசை நாளைக்குத்தான் காயும். சமையலறையில் தீப்பெட்டி இருந்தது. குச்சிகளின் தலையைக் கிள்ளிவிட்டுத் துளைக்குள் திணித்தேன், பசை வைத்தால் ஈரத்தில் வழுக்கும் என்று அதையும் வைக்கவில்லை, திருகாணியை ஏற்றினேன். ஏறும்போது கிர்ரென்று நன்றாகத்தான் பிடித்தது.

அவள் வந்ததும் கொடுத்தேன். "இனிமே யானையைக் கட்டி இழுத்தாலும் வராது" என்றேன். அவள் வாரை மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

விழுந்துவிட்டது.

நேற்று அவளைக் கொண்டுவந்து விட்டபோது மச்சினன்தான் சொன்னான். மூன்றாவது பாட்டு. நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடம் இருக்கிறதாம், அதற்காக அவள் இரண்டடி முன்னால் வந்திருக்கிறாள். குமிழ் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கிட்டார் கழுத்துப் பக்கம் சரிந்து அதன் தலை மேடையில் மோதி, ஒலிபெருக்கியில் இடி மாதிரி ஒரு சத்தம். பாட்டு நின்றுபோயிற்று. முன்வரிசையில் சிரித்திருக்கிறார்கள். தந்தியை முறுக்குகிற ஆணிகளில் ஒன்று வளைந்துபோய்விட்டது, கொம்பில் பெயிண்ட் சில்லுப் பெயர்ந்திருக்கிறது. அவள் கணுக்காலில் நீலமாக ஒரு வீக்கம்.

"அக்கா கிட்டாரை வச்சு மரம் வெட்டப் பார்த்துச்சு மாமா" என்று கிண்டல் செய்தான். அவள் சிரிக்கவில்லை.

நான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அது ஒன்றுதான் செய்தேன்.

மார்ச் 10, திங்கள்

தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்! காலையில் தலை வாரிக்கொண்டே சொன்னாள், ஆர்வக்கோளாறில் வேகமாக முன்னால் போய்விட்டாளாம், வாரைச் சுண்டி இழுத்துவிட்டாளாம். கீபோர்டுக்காரர் அங்கேயே கேட்டிருக்கிறார், அந்தக் குமிழை ஒழுங்காகப் பார்த்தீர்களா என்று. அதற்கு இவள் சொன்ன பதில்:

"எங்க வீட்டுக்காரர் தச்சு வாத்தியார். அவர் கை வச்சா அசையாது. நான்தான் குதிச்சிட்டேன்."

இதை என்னிடமே சொல்கிறாள். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லியிருக்கலாம். ஒரு வரி. வாய் வரவில்லை. வாய் கிழியப் பேசுகிற வாய்.

மார்ச் 11, செவ்வாய்

அவள் கடைக்குப் போயிருந்த நேரம் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தேன். குமிழும் திருகாணியும் ஒரு தாளில் மடித்து உள்ளேயே இருந்தன. துளையில் என் குச்சிகள், இரண்டு முறிந்து ஒன்று முழுசாக. நுனியில் மருந்தின் சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, சரியாகக் கிள்ளக்கூட இல்லை.

சரி செய்யத்தான் எடுத்தேன் என்று சத்தியமாகச் சொல்வேன். ஆனால் முதலில் என்ன செய்தேன்? குச்சிகளை ஊசியால் நோண்டி எடுத்தேன். குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு அதுவும் போதாது என்று கூடையிலிருந்து பொறுக்கி எடுத்து, தெருமுனைத் தொட்டிவரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஐம்பது வயதை நெருங்குகிற மனுஷன், மூன்று தீக்குச்சியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தெருவில் நடக்கிறான். எதிர்வீட்டுக்காரர் என்ன சார் கிளம்பிட்டீங்களா என்றார். சும்மா காலார என்றேன்.

பாடம் நடத்த வேண்டும் இன்றைக்கும். போனேன். நடத்தினேன்.

மார்ச் 12, புதன்

குச்சி வைத்தது ஒரு தப்பு. அதைத் தொட்டியில் போட்டது வேறு தப்பு. இரண்டாவதுதான் உறுத்துகிறது.

மார்ச் 13, வியாழன்

லாரிக்காரர் கீலை மறுபடி செய்துகொண்டு வந்திருந்தார். முளை, பசை, எல்லாம் முறைப்படி. இழுத்தேன், அசையவில்லை. சார் சொன்னது உறைச்சிடுச்சு, ராத்திரி படுத்தாலும் அதே ஞாபகம் என்றார். வெட்டிய மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் பதறிப்போய், வேண்டாம் சார், அப்போ செஞ்சது தப்புதானே என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்றும் இன்றும் உட்கார்ந்து வேலையை முறையாகச் செய்தேன். துளையைச் சீராகக் குடைந்து, கடினமான மரத்தில் முளை சீவி, பசை வைத்து அடித்தேன். ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. இன்று மெல்லிய துளை போட்டு, திருகாணிக்கு ஒரு துளி மெழுகு தடவி ஏற்றினேன். வளைந்த ஆணிக்குப் பதில் புதிது வாங்கி மாட்டினேன். சில்லுப் போன இடத்தில் பெயிண்ட் தொட்டு வைத்தேன்.

அவள் பார்த்துவிட்டுக் குமிழை விரலால் தடவினாள்.

"நான் ஒடச்சதுக்கு நீங்க கஷ்டப்படுறீங்க."

இதற்குமேல் ஒரு மனுஷனைச் செருப்பால் அடிக்க முடியாது. அவளுக்கு அடிப்பதாகவே தெரியாது. மச்சினனுக்கும் போன் போட்டுச் சொன்னாள், மாமா புதுசாட்டம் ஆக்கிட்டாரு என்று. அவன் பதிலுக்கு ஏதோ சொன்னான், இவள் குரல் இறங்கிப்போயிற்று. அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். கீபோர்டுக்காரர் சொன்னது: கவனம் இல்லாதவங்களை மேடையேத்த முடியாது.

அவள் கிட்டாரை உறைக்குள் வைத்துப் பரண்மேல் ஏற்றினாள். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மாலை அவள் கீபோர்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள் என்ன, கெஞ்சிக்கொண்டிருந்தாள். என் கவனக்குறைவுதான் அண்ணா, ஒத்துக்கறேன், இனிமே அப்படி ஆகாது, ஒரே ஒரு வாய்ப்பு. மருந்தகத்தில் டாக்டர் எழுதியது தப்பு என்றால் டாக்டரையே திருப்பிக் கேட்கிறவள். அவள் குரல் இப்படி ஒடுங்கி நான் கேட்டதே இல்லை. என்னால்.

போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவ வந்தாள். நான் அடுப்புப் பக்கம் நின்றிருந்தேன்.

"அது தீக்குச்சி" என்றேன்.

"எது?"

"துளைக்குள்ள நான் வச்சது. முளை இல்ல. பசைகூடப் போடல. நீ குதிச்சதால வரல. நின்னுக்கிட்டிருந்தாலும் வந்திருக்கும்."

குழாயை மூடினாள். அப்புறம் அந்தக் குச்சியெல்லாம் எங்கே என்று கேட்டாள். எடுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். எப்போது? நீ கடைக்குப் போனபோது. தலையை ஆட்டினாள். மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"ஒரு மாசமா சொல்லிக்கிட்டிருந்தேன். நேரம் இல்லாமலா, மனசு இல்லாமலா?"

நேரம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்புகிற மாதிரிதான் கேட்டாள், அந்த வழியை எனக்குத் திறந்தே வைத்திருந்தாள். பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"மனசு இல்லாமத்தான்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும்.

"போகாதேன்னு நேரா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். அது பிடிக்காமத்தான் குச்சியா?"

என்னையே கேட்டுப் பார்க்கிறேன். விழணும்னு நெனச்சியாடா நீ? இல்லை. விழுந்தா விழட்டும்னு நெனச்சியா? இங்கே பொய் எழுத முடியவில்லை.

மார்ச் 19, புதன்

பேசவில்லை. சோறு போட்டு வைத்திருந்தாள், மூடி போட்டு. சாப்பிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

இன்று பேசினாள், செருப்பு மாட்டிக்கொண்டே, வாசலில் நின்று.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அத்தனை பேர் முன்னாடி அது என் தலையில இருக்கு. சனிக்கிழமை ஒத்திகை. அங்க வந்து சொல்லுங்க."

நான் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி, என்னவென்று சொல்வது என்று கேட்டேன்.

"எனக்குச் சொன்னதையேதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

நாளைக்குக் காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்கும். வராது. நமக்கு வேண்டும்போது எதுதான் வந்திருக்கிறது.

மார்ச் 22, சனி

ஒத்திகை அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேல். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறார்கள், சத்தம் வெளியே போகாமலிருக்க. மூன்று வருஷமாக அவள் போய் வருகிற இடம், நான் படியேறியது இன்றுதான். கீபோர்டுக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். வாங்க சார், உங்களைப் பத்தி அம்மா நிறைய சொல்லியிருக்காங்க என்றார். மச்சினன் டிரம்ஸுக்குப் பின்னால். அவளுக்குப் பதிலாகக் கூப்பிட்ட புதியவரும் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார்.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். வகுப்பில் முப்பது பேருக்கு முன்னால் கணீரென்று பேசுகிற குரல், அந்த முட்டை அட்டை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டதோ என்னவோ, எனக்கே கேட்கவில்லை. துளையில் தீக்குச்சி வைத்தது நான். பசை போடாதது நான். வேறு கிட்டார் எடுத்துப் போகிறேன் என்று அவள் சொன்னபோது வேண்டாம் என்று தடுத்ததும் நான். குச்சிகளை ஒளித்தேன் என்பதையும் சொன்னேன். அதை மட்டும் விட்டுவிடலாமா என்று படியேறும்போது ஒரு யோசனை இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அதனால் விடவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மச்சினன் டிரம்ஸ் குச்சியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கீபோர்டுக்காரர்தான் பேசினார்.

"முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். நான் அவங்களை ரொம்பப் பேசிட்டேன்."

என்னிடம் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பி, மன்னிச்சிடும்மா என்றார். அடுத்த நிகழ்ச்சிக்குப் புதியவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, அதை மாற்ற முடியாது. ஏப்ரலில் வருகிறதை நீயே வாசி என்றார். அவள் சரி என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தோம். அவள் ஜன்னல் பக்கம். எனக்குக் காது மடல் வீடு வரும்வரை சுட்டது.

மார்ச் 23, ஞாயிறு

பரணிலிருந்து கிட்டாரை அவளே இறக்கினாள். என் வேலையைத் திருப்புளியால் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றாள். கழற்றினாள். துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். முளை இருந்தது. மறுபடி மாட்டினாள். அடிப்பக்கத்தில் இன்னொரு குமிழ் உண்டு, வாரின் மறுமுனைக்கு. அதையும் ஆட்டிப் பார்த்தாள். லேசாக ஆடியது.

நான் எழுந்து உளியை எடுக்கப் போனேன்.

"உக்காருங்க. இதை நான் போடுறேன். நீங்க கெட்டியாப் புடிச்சுக்கங்க, என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

மடியில் துண்டை விரித்துக் கிட்டாரைப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். இதுவரை இதை இப்படிக் கையில் வைத்ததில்லை. நல்ல கனம். தோள்பட்டை வலிக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன்.

முளையை அவளே சீவினாள், விரலில் கீறிக்கொண்டாள், விடவில்லை. பசை வைத்து அடித்தோம். நாளைக்குத்தான் மீதி.

மார்ச் 24, திங்கள்

டிரில்லை அவள் பிடித்தாள். கொஞ்சம் சாய்ந்தது.

"சாயுது" என்றேன்.

"தெரியுது."

அப்படியே போட்டுவிட்டாள். திருகாணி அரைக்கால் அங்குலம் கோணலாக நிற்கிறது. வகுப்பில் யாராவது செய்திருந்தால் மதிப்பெண் வெட்டியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு பசை டப்பாவை மூடினேன்.

மார்ச் 29, சனி

இன்று புதியவர் வாசிக்கிற நாள். அவள் வீட்டில்தான் இருந்தாள். சட்டைகளை இஸ்திரி போட்டாள், என்னுடையதையும். சனிக்கிழமை வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். இருந்தாள். வீடு முழுக்க இருந்தாள். என்னால் தொலைக்காட்சியைப் போட முடியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மருந்தகத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னாள், ஒருவர் நாய்க்கு வாங்கிய மாத்திரையைத் தானே விழுங்கிவிட்டுக் குரைப்பேனா என்று கேட்டாராம். சிரித்தேன். அவளும் சிரித்தாள், நான் சிரித்ததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பரவாயில்லை.

ஏப்ரல் 12, சனி

மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. நானும் வரட்டுமா என்று நேற்றே கேட்டுவிட்டேன். உங்க இஷ்டம் என்றாள். இஷ்டம் என்றால் போகலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் கூடத்தில் நின்று கிட்டாரைத் தோளில் மாட்டினாள். பின்னால் வாசல் கதவருகில் நான், புதுச் சட்டை, செருப்பு மாட்டியாயிற்று. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேல்கொம்பில் என் குமிழ் இருக்கிற பக்கம் வாரைப் பிடித்து இழுத்தாள். இன்னும் பலமாக இழுத்தாள். பிறகு உடம்பின் கனத்தையெல்லாம் போட்டுத் தொங்குகிற மாதிரி இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. இழுத்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன், இழுக்கட்டும்.

அடிப்பக்கத்தில் தான் போட்ட கோணல் குமிழை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.